என் நாக்கும் என் கையும்

எங்கள் ஊரில் முதல் நாற்றை எல்லோரும் நட்டுவிட முடியாது. நடவு நாளில் கழனியின் சனிமூலையில் கற்பூரம் ஏற்றி, நாற்றுமுடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கைராசிக்காரி என்று பெயர் வாங்கிய ஒருத்தி முதலில் இறங்கி ஏழு குத்து நட வேண்டும். அதுவரை மற்றப் பெண்கள் வரப்பில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காத்திருப்பார்கள். திருப்பாலைவனத்துக்குக் கிழக்கே, பஸ் ரோட்டைவிட்டுப் பழவேற்காட்டு ஏரிப் பக்கம் இறங்கினால் வருகிற எங்கள் ஊரில் முப்பத்தைந்து வருடமாக அந்தக் கைராசிக்காரி நான்தான். எங்கள் கழனிக்கு மட்டுமில்லை, ஊரில் பாதிக் கழனிக்கு.

இதைப் பெருமையாகச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகப் பேச வேண்டிய வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. பத்தாவது வரை படித்தவள், பேத்தி பாதியில் விட்ட நோட்டில் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கும், நடந்ததில் இருக்காது.

கைராசி என்று ஒன்று உண்டா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த இரண்டாவது வருடம் மகன் வயிற்றில் ஏழு மாதம். நடவுக்கு ஆள் போதவில்லை என்று நானும் இறங்கினேன். அந்த வருடம் கதிர் நன்றாக வந்தது. பிள்ளைத்தாய்ச்சி நட்டதால்தான் பயிரும் சூல் பிடித்தது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், பிடித்துக்கொண்டது. மகள் வயிற்றில் இருந்தபோது நான்கு வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டார்கள். எட்டு மாத வயிற்றோடு முழங்கால் சேற்றில் காலை இழுத்து இழுத்து வைப்பது எப்படி இருக்கும் என்று கூப்பிட்ட ஆண்கள் ஒருவருக்கும் தெரியாது. "உன் கை பட்டா போதும்மா, ஏழே குத்து" என்பார்கள். ஏழு குத்து நட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் அடுத்த கழனிக்காரர் வரப்பில் நின்றுகொண்டிருப்பார்.

கைராசி ஊர் கொடுத்த பட்டம். என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்வது என் நாக்கைத்தான்.

எங்கள் கழனி ஒன்றரை ஏக்கர். கிழக்கு வரப்பை ஒட்டி ஓடை போகிறது. ஏரி கடலோடு கலந்த உப்பு ஏரி. அதில் தண்ணீர் ஏறினால் ஓடையிலும் ஏறும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏறும். மழை நன்றாகப் பிடித்து ஓடையை அலசிவிட்டால் பயமில்லை. அதற்கு முன்னால் அவசரப்பட்டு நட்டால் உப்புத் தண்ணீர் வரப்புக்கு அடியிலேயே கசிந்து வந்து நாற்றை வேரோடு கருக்கிவிடும். பார்த்தால் தெரியாது, தண்ணீர் தெளிவாகத்தான் நிற்கும். வளர்ந்த பயிர் கொஞ்சம் உப்பைத் தாங்கிக்கொள்ளும், பச்சை நாற்று தாங்காது. எவ்வளவு தாங்கும் என்பதைத் தாழ்ந்த மூலையில் நிற்கிற தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் எளாவூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் நைனாவின் நிலம் ஏரியைவிட்டுத் தள்ளி இருந்ததால் உப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி வந்த முதல் வருடம், தாகத்துக்குக் கழனித் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டுவிட்டுத் துப்பினேன். "தண்ணி கரிக்குது" என்றேன். சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயில் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் கரிக்கவில்லை. புதுப்பெண்ணுக்கு வாய் ருசி அதிகம் என்று சிரித்தார்கள். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஊரில் ஆணும் பெண்ணும் கண் விழித்தால் வெற்றிலை, கண் அசந்தால் புகையிலை. அந்த வாயில் ஏரியையே கவிழ்த்து ஊற்றினாலும் தெரியாது. என் வாய் சும்மா இருந்த வாய். நான் கரிக்கிறது என்று சொன்ன மூலையில் அந்த வருடம் ஒரு நாற்றும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமல் நடவுக்கு நாள் குறித்ததில்லை. பேச்சு குறைவான மனிதர். நடவுக்கு நாலு நாள் இருக்கும்போது வாசலில் நின்று "வாயைக் கொப்புளிச்சிக்கினு வா" என்பார். அவ்வளவுதான் அழைப்பு. நான் தண்ணீரை வாயில் வைத்து, நாக்கு முழுக்கப் புரட்டி, துப்பிவிட்டுச் சொல்வேன். நடலாம் என்றால் நடவு. பொறு என்றால் மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருப்போம். ஒரு வருடம் பதினோரு நாள் காக்கவைத்தேன். ஊரே நட்டு முடித்துவிட்டு எங்களைக் கேலி பேசியது. பொண்டாட்டிக்கு நாக்கு நீளமாக இருந்தால் இப்படித்தான் என்று ஒருவர் அவர் காது படவே சொன்னார். இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீளமா கீறதாலதான் கழனி வரைக்கும் எட்டுது" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவருக்கு ஆயுசு முழுக்கச் சோறு பொங்கிப் போட்டது தகும்.

இதற்காக நான் வெற்றிலையைத் தொட்டதே இல்லை. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தை முந்தானையில் முடிந்து வந்து யாருக்காவது கொடுத்துவிடுவேன். என் மகளின் கல்யாணத்தில்கூடப் போடவில்லை. சம்பந்தி வீட்டார் வித்தியாசமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு பிள்ளைகளும் அந்த வரப்பில்தான் வளர்ந்தார்கள். ஓடைக்கரை வேலமரத்தில் தூளி கட்டியிருப்பேன். அழுகுரல் கேட்டால் நட்டுக்கொண்டிருக்கிற வரிசையை முடித்துவிட்டுத்தான் ஏறுவேன், பாதியில் ஏறினால் பக்கத்தில் நடுகிறவளுக்குச் சுமை கூடும். சேறு காயாத கையோடு பால் கொடுத்திருக்கிறேன். களை எடுத்தேன், எரு சுமந்தேன், கதிர் அறுத்தேன், கட்டு தூக்கினேன், விதைநெல்லை வேப்பிலை போட்டுக் கட்டி வைத்தேன். இத்தனைக்கும் வீட்டுக்காரர் செத்த பதினாறாம் நாள் வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் என்னைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பாவம், அவனுக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்தா." ஒத்தாசையாம். சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை எடுத்து எறியலாமா என்று இருந்தது. அவருக்கு வடை இன்னொன்று வைத்துவிட்டு உள்ளே போனேன்.

வீட்டுக்காரர் இறந்தது சித்திரையில். மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது எனக்கும் அவருக்கும் உள்ளது. பொட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தாலியைக் கழற்றச் சொன்னார்கள், அவர் கட்டியது, கழற்றிக் கொடுத்தேன். பொட்டை அழிக்க வந்தார்கள். அது அவர் வந்து வைத்ததில்லை, என்னைப் பெற்றவள் வைத்தது என்று கையைத் தட்டிவிட்டேன். அன்றைக்கே ஊருக்கு என்மேல் ஒரு கண் விழுந்துவிட்டது.

வீட்டுக்காரரின் அண்ணனை எங்கள் பக்கத்தில் மூத்தார் என்போம். எங்கள் மூத்தாரின் கழனி எங்கள் கழனிக்குத் தெற்கே, அதே ஓடையை ஒட்டி இருக்கிறது. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தம்பியைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் அழுத அழுகை பொய்யில்லை. ஆனால் ஊர் வழக்கம் என்று ஒன்று சொல்லிவிட்டால் அவருக்குக் காது மூடிவிடும். புரட்டாசியில் நாற்று தயாராகி நின்றபோது என் மகன் பொன்னேரியிலிருந்து வந்தான். அங்கே ஒரு கம்பெனியில் வேலை, இரண்டு நாள் லீவு. பெரியப்பாவும் அவனும் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்த ஒரு நெல்லுப் பட்டம் பாக்கலாம்மா" என்றான் மகன். "சரியா வரலன்னா கழனிய பெரியப்பாகிட்ட விட்டுடலாம். அண்ணனே சேர்த்து ஓட்டிக்கும். நீ பொன்னேரிக்கு வந்துடு."

அண்ணன் என்றது மூத்தாரின் மகனை. அவனிடம் ஒருமுறை விட்ட கழனியில் நான் இனி கால் வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பொன்னேரியில் மகன் வீடு இரண்டாவது மாடி. அங்கே நான் என்ன செய்வேன்? டிவி பார்ப்பேன், பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வருகிற வேனுக்குக் காத்து நிற்பேன். பேத்தி என் உயிர்தான். ஆனால் வேனுக்குக் காத்து நிற்பதற்காக நான் இத்தனை வருடம் சேற்றில் நிற்கவில்லை.

"சரி, பாக்கலாம்" என்றேன். "நாளைக்கு வேணாம். அமாவாசை முடிஞ்சி ரெண்டு நாள்தான் ஆகுது. நான் ஒருவாட்டி போயி தண்ணிய வாயில வெச்சி பாத்துட்டு வரேன்."

மூத்தார் டம்ளரைக் கீழே வைத்தார். "இந்தா பாரும்மா. நீ இப்ப கழனிக்கு வரக் கூடாது. நடவு முடியற வரைக்கும் வரப்பு ஏறாத. முதல் நாத்த உன் மருமவ நடட்டும். வழக்கம்னு ஒண்ணு கீதில்ல."

"நான் நடலை மாமா. தண்ணி மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்குக் காலைல நல்ல நேரம் கீது. இவனுக்கும் லீவு இல்ல."

மகனைப் பார்த்தேன். அவன் காலண்டரைப் பார்த்தான். இத்தனைக்கும் அன்று காலையில்தான், ஓடையில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண் ஒருத்தி என் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நடவுக் காலத்தில் எங்களோடு நடவுக்கும் வருகிறவள். "யக்கா, இறாலு மேல உங்க வேலமரம் வரைக்கும் ஏறிக்கீது. ஓடை இன்னும் அலசல, உப்பாத்தான் கீது" என்றாள். இதையும் சொன்னேன். இறால் பிடிக்கிறவளுக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும் என்று மூத்தார் எழுந்துவிட்டார்.

நான் அப்போது ஏன் சும்மா இருந்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரர் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. சண்டை போடத் தெம்பில்லை. ஒருவேளை அவர்கள் சொல்வதில் ஏதாவது இருக்குமோ, என் கை பட்டால் நாற்றுக்கு ஆகாதோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

மறுநாள் நடவுப் பெண்களுக்கு நான் வீட்டில் சாப்பாடு பொங்கினேன். மருமகளும் பேத்தியும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். மருமகள் டவுனில் பிறந்து வளர்ந்தவள், சேற்றில் கால் வைத்ததில்லை. புடவையை எப்படிச் செருகுவது என்று என்னிடம்தான் கேட்டாள். நான் செருகிவிட்டேன். பேத்திக்கு எட்டு வயது. எல்லோரும் கிளம்பும்போது அடுப்படி வாசலில் நின்று, "ஆயா, நீ ஏன் வரல?" என்றாள். "எனக்கு வேலை கீதுடி" என்றேன். அந்தக் குழந்தையிடம் அப்படிப் பொய் சொன்னது அன்றைக்கு நடந்த எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது.

ஆறாம் நாள் நாற்றின் நுனி பழுத்தது. எட்டாம் நாள் கிழக்குப் பாதி முழுக்கத் துரு ஏறின நிறத்தில் நின்றது. மழை இல்லை, வெயில் கொளுத்தியது, நின்ற தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் ஏறியிருக்கும். மூத்தாரின் கழனி இன்னும் உழுதபடியே கிடந்தது, அவர் நாற்று விட்டதே தாமதமாகத்தான். அவர் மனைவி தண்ணீர்க் குழாயில் குடம் வைத்துக்கொண்டே நாலு பேர் கேட்கச் சொன்னாள்: "டவுன் பொண்ணு கை. தொட்டது விளங்குமா?"

அன்று சாயங்காலமே மருமகள் போன் செய்தாள். யாரோ சொல்லிவிட்டார்கள். "அத்தே, என் கையாலதான் ஆச்சா?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

என்னை ஒதுக்கியதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. இந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? கூப்பிட்டார்கள், வந்தாள், ஏழு குத்து நட்டாள். உப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளை அடுப்படியில் உட்காரவைத்துவிட்டு, நல்ல நேரம் பார்த்து உப்பில் நட்டுவிட்டு, இப்போது பழியைத் தூக்கி அந்தப் பெண்ணின் கையில் வைக்கிறார்கள். நாளைக்கு அவள் எந்த வீட்டுக்கு விசேஷத்துக்குப் போனாலும் இதைச் சொல்வார்கள். எனக்கு உச்சி வரை எரிந்தது. "உன் கைக்கு ஒண்ணும் இல்ல. நீ போனை வை, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் இரண்டு சொம்பு எடுத்தேன். ஒன்றில் வீட்டுத் தண்ணீர். இன்னொன்றை எடுத்துக்கொண்டு, வரப்பு ஏறக் கூடாது என்று சொன்ன வரப்பின் மீதே நடந்து போய், தாழ்ந்த மூலைத் தண்ணீரை மொண்டேன். இரண்டையும் இடுப்பிலும் கையிலுமாக வைத்துக்கொண்டு நேராக பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக்குப் போனேன். மூத்தார் அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பார். பெண்கள் அந்த பெஞ்சுப் பக்கம் போவதில்லை.

"மாமா, வெத்தலைய துப்பிட்டு இதுல வாயைக் கொப்புளிங்க" என்று முதல் சொம்பை நீட்டினேன்.

"இன்னாம்மா இது, காலங்காத்தால?"

"கொப்புளிங்க, சொல்றேன்."

அத்தனை பேர் பார்க்கும்போது தம்பி பெண்டாட்டியிடம் மல்லுக்கட்டுவது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். கொப்புளித்தார். நன்றாகக் கொப்புளிக்கவைத்தேன், மூன்று முறை. பிறகு இரண்டாவது சொம்பைக் கொடுத்தேன். "இப்ப இத ஒரு வாய் குடிங்க."

வாயில் வைத்த வேகத்தில் துப்பினார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

"இன்னாடி இது, உப்பு?"

"உங்க தம்பி கழனித் தண்ணி. உங்களால ஒரு வாய் வெச்சிக்க முடியல. நாத்து ஒம்போது நாளா அதுல நிக்குது. என் மருமவ கைய கொற சொல்றவங்க வந்து இதக் குடிச்சிட்டு சொல்லட்டும். சொம்பு இங்கயேதான் இருக்கும்."

சொம்பை பெஞ்சின் மீது வைத்துவிட்டு வந்துவிட்டேன். யாரும் குடிக்கவில்லை என்று டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். சாயங்காலம் சொம்பைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

மகனுக்குப் போன் செய்து, இந்தப் பட்டம் இன்னும் முடியவில்லை, உன் பெரியப்பாவிடம் வாக்கு எதுவும் கொடுத்துவிடாதே என்றேன். நான் நாற்று விடும்போது எப்போதும் ஒரு பாத்தி கூடுதலாக விடுவேன். வீட்டுக்காரர் இருந்தபோதிருந்தே உள்ள பழக்கம். அந்தப் பாத்தி எங்கள் போர் தண்ணீரில் மேட்டில் பச்சையாக நின்றது. கொஞ்சம் முற்றின நாற்றுதான், ஆனாலும் உயிருள்ள நாற்று. ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மழை பிடித்தது. கொட்டுகிற மழையில் போய் மடையைத் திறந்துவிட்டேன். கழனி முழுக்க வடிந்ததும் அடைத்தேன். மழைத் தண்ணீர் நிறைந்ததும் மறுபடி திறந்தேன். இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை நிறைந்த தண்ணீரை வாயில் வைத்தேன். கரிப்பு இருந்தது, ஆனால் நாக்கின் ஓரத்தில் மட்டும். நாற்று தாங்கும்.

நடவுப் பெண்களுக்குச் சொல்லிவிட்டேன். மருமகளையும் வரச் சொன்னேன். அவள் பயந்தாள், மகனும் எதற்கு வம்பு என்றான். ஆனாலும் அவள் வந்தாள், தனியாக, காலை பஸ்ஸில். அதற்காக அவள்மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

சனிமூலை வரப்பில் மூத்தார் நின்றிருந்தார். நான் கற்பூரம் ஏற்றினேன். நாற்றுமுடிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். புடவையைச் செருகினேன்.

"முதல் நாத்து யாரு?" என்றார்.

"நான்தான்."

"வேணாம்மா. பயிர் போச்சுன்னா ஊரு உன்னத்தான் சொல்லும்."

"சொல்லட்டும் மாமா. ஊரு சொன்ன மாதிரி செஞ்சும் போன வாட்டி பயிர் போச்சே, அதுக்கு ஊரு இன்னா பதில் சொல்லிச்சி?"

இறங்கினேன். சேறு முழங்காலைப் பிடித்தது. ஆறு மாதத்துக்கு மேலாகி இருந்தது அந்தப் பிடி எனக்குக் கிடைத்து. என் கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்கவில்லை. ஏழு குத்து நட்டேன். பிறகு நிமிர்ந்து, "நீயும் வா" என்று மருமகளைக் கூப்பிட்டேன். அவள் இறங்கினாள். என் பக்கத்திலேயே ஏழு குத்து நட்டாள். கோணலாகத்தான் நட்டாள்.

வரப்பில் பத்துப் பெண்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. விளையாமல் போனால் நடவுக்குப் போனவர்கள் பெயரும் சேர்த்துத்தான் உருளும். இறால் தடவுகிறவள்தான் முதலில் இறங்கினாள். "வாங்கடி, மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். மூத்தார் எப்போது போனார் என்று நான் கவனிக்கவில்லை.

அந்தப் பட்டம் விளைந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டவில்லை, முற்றின நாற்றுக்கு எவ்வளவு விளையுமோ அவ்வளவு விளைந்தது. வீட்டுக்குச் சோற்றுக்கும் அடுத்த விதைக்கும் குறையில்லை. மகன் மூட்டையைத் தூக்கி அடுக்கிவிட்டு, "சரிம்மா, நீயே பாத்துக்கோ" என்றான். அவனுக்கு அதற்குமேல் சொல்ல வராது, அப்பனைப்போல. மாடி வீட்டுப் பேச்சு அத்தோடு நின்றது.

ஆனால் ஊர் லேசில் மாறிவிடுமா? விளைந்தது மழையால் என்றார்கள். என் கழனியில் நான் நடுவதை யாரும் தடுக்கவில்லை, அடுத்தவர் கழனிக்கு என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. எட்டு மாத வயிற்றோடு என்னைச் சேற்றில் இறக்கினவர்கள், எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நான் குனியவில்லை. ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, சோறு ஆச்சா என்று விசாரித்தேன்.

இந்த வருடம் புரட்டாசி கடைசியில் ஒரு காலை, வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். மூத்தார் வந்து நின்றார். வாயில் வெற்றிலை இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஒரு நடை கழனி வரைக்கும் வந்துட்டுப் போம்மா" என்றார். "தண்ணி ஒரு மாதிரியா கீது. எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. நாளைக்கு நாத்து பறிக்க ஆள் சொல்லிட்டேன்."

"முதல் நாத்து யாரு மாமா?"

"எங்க வூட்டு மருமவ நடுவா. நீ தண்ணி மட்டும் பாத்துட்டு வந்துடு. யாரும் வரதுக்கு முன்னால."

வாயைக் கொப்புளித்துக்கொண்டு போனேன். அவர் கழனியின் தாழ்ந்த மூலையில் குனிந்து, தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்தேன். நாக்கு முழுக்கப் புரட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்தேன்.

"எப்படி கீது?"

"நாக்க மட்டும் வூட்டுல இருந்து கூட்டிக்கினு வர முடியாது மாமா. கையும் கூடத்தான் வரும். முதல் நாத்து யாருன்னு நீங்க சொல்லுங்க, தண்ணி எப்படின்னு நான் சொல்றேன்."

அவர் ஓடையைப் பார்த்தார். எங்கள் கழனியைப் பார்த்தார். மடியில் வெற்றிலைப் பையைத் தேடி, தொட்டுவிட்டு, விட்டுவிட்டார். எனக்கு அவசரம் இல்லை, கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் பழவேற்காட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நீயே வந்துடு" என்றார் கடைசியில்.

"எங்க வரணும்?"

"இங்கதான்."

"எதுக்கு?"

முழுசாகச் சொல்லாமல் விடுவதாக இல்லை நான். அவருக்கும் அது தெரிந்தது. "முதல் நாத்து நட" என்றார். "எல்லாரும் இருக்கறப்பவே வா."

எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

"தண்ணி கரிக்குது மாமா. மடையைத் திறந்து விடுங்க. நான் வந்து நடலாம்னு சொல்ற வரைக்கும் யாரும் இறங்க வேணாம்."